விடுதலைக்கு யோக்கியதை பிறப்பா, நடத்தையா?

ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்புவதற்கு நம் நாட்டில் சட்டமும், சாட்சியும், வக்கீலும், விசாரணையும், அப்பீலும் இருக்கின்றன. ஆனால் அதே மனிதனை எப்போது வெளியில் விடலாம், அவன் திருந்திவிட்டான் என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது என்கின்ற விஷயத்தில் இவற்றில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. உள்ளே தள்ளுவது கோர்ட்டு. வெளியே விடும்படி சிபார்சு செய்வது ஒரு கமிட்டி. கோர்ட்டில் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். கமிட்டியோ கதவைச் சாத்திக்கொண்டு கூடுகின்றது. அது என்ன கேட்டது, என்ன கண்டது, ஏன் ஒருவனுக்கு ஆம் என்றது, ஏன் மற்றொருவனுக்கு இல்லை என்றது என்பது வெளியாருக்குத் தெரிவதில்லை. பல சமயங்களில் அந்தக் கைதிக்கே தெரிவதில்லை. இதைப்பற்றி நம் ஜனங்கள் யோசிக்கவேண்டியது அவசியமாகின்றது.

முதலில் சில சங்கதிகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "பரோல்" என்பது பிரெஞ்சுப் பாஷையில் "வாக்கு" என்று பொருள்படும் சொல். ஒழுங்காய் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்து வெளியே வருவதற்கு அந்தப் பெயர் வந்தது. நம் நாட்டில் பரோல் என்றால், தாய் தகப்பன் சாவுக்கோ, மகள் கலியாணத்துக்கோ சில நாள் வெளியே போய்த் திரும்பும் லீவைத்தான் சொல்லுகின்றோம். மேல்நாட்டில் பரோல் போர்டு செய்யும் காரியத்தை, அதாவது காலம் முடியுமுன்பே விடுதலை செய்யலாமா என்று பார்க்கும் காரியத்தை, இங்கே செய்வது சிறை ஆலோசனைக் கமிட்டி என்பதாகும். அது சிபார்சு செய்யும். சர்க்கார் உத்தரவு போடும்.

ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம் என்பதாக ஒரு நம்பிக்கை நம் ஊர்களில் வெகுகாலமாக இருந்து வருகின்றது. இது தவறு. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதுக்கும் என்றுதான் 1961ல் கோபால் கோட்சே வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. 14 வருஷம் என்ற கணக்கு 1978ல் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433-ஏ பிரிவிலிருந்து வருகின்றது. தூக்குத் தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவனை, அந்தச் சட்டத்தின்படி 14 வருஷத்துக்கு முன் விடக்கூடாது என்பதுதான் அதன் கருத்து. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு அப்படியே இருக்கின்றது. ஆகவே 14 வருஷம் என்பது விடுதலைத் தேதி அல்ல. விடுதலையைப் பற்றிப் பேசத் தொடங்கும் தேதி. அதற்குமேல் அவன் கதி கமிட்டியின் கையில் இருக்கின்றது.

அந்தக் கமிட்டி எதைப் பார்க்க வேண்டும்? லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் 2000ல் சுப்ரீம் கோர்ட்டு ஐந்து கேள்விகளைச் சொன்னது. குற்றம் ஒரு தனி மனிதனோடு நின்றதா, சமூகத்தையே பாதித்ததா? அவன் மறுபடியும் குற்றம் செய்ய இடமுண்டா? குற்றம் செய்யும் சக்தியை இழந்துவிட்டானா? இன்னும் அடைத்து வைப்பதால் பயன் உண்டா? அவன் குடும்பத்தின் நிலைமை என்ன? இவை யோக்கியமான கேள்விகள் என்பதில் ஆக்ஷேபணை இல்லை. ஆனால் கேள்வி நல்லதாய் இருந்தால் மட்டும் போதாது. பதிலை எதிலிருந்து எடுக்கின்றார்கள் என்பதில்தான் முழுச் சங்கதியும் இருக்கின்றது.

உதாரணமாகக் குஜராத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2002ல் நடந்த கலகத்தில் பில்கிஸ் பானு என்கின்ற கர்ப்பிணிப் பெண் பலரால் கெடுக்கப்பட்டார். அவருடைய மூன்று வயதுக் குழந்தையும், குடும்பத்தார் பலரும் கொல்லப்பட்டார்கள். குஜராத்தில் நியாயம் கிடைக்காது என்று கண்டு வழக்கை சுப்ரீம் கோர்ட்டு பம்பாய்க்கு மாற்றிற்று. 2008ல் 11 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017ல் பம்பாய் ஹைக்கோர்ட்டு அதை உறுதி செய்தது. பிறகு 2022 ஆகஸ்டு 15ந் தேதி, அதாவது சுதந்திர நாளின் 75வது வருஷ நிறைவு நாளன்று, அந்த 11 பேரும் கோத்ரா சிறையிலிருந்து விடுதலை செய்யப்பட்டார்கள். சிறை வாசலில் அவர்களுக்கு மாலை போட்டு மிட்டாய் கொடுத்தார்கள்.

இந்த விடுதலைக்கு சிபார்சு செய்தது கலெக்டர் தலைமையில் கூடிய சிறை ஆலோசனைக் கமிட்டி. அதில் இரண்டு சட்டசபை அங்கத்தினர்களும் இருந்தார்கள். வழக்கைப் புலன்விசாரித்த மத்தியப் போலீஸ் இலாகா விடக்கூடாது என்று எழுதியிருந்தது. பம்பாய் ஸ்பெஷல் ஜட்ஜும் விடக்கூடாது என்று எழுதியிருந்தார். அப்படியிருந்தும் விடலாம் என்று கமிட்டி சொல்லிற்று. 14 வருஷம் ஆகிவிட்டது, சிறையில் நடத்தை நன்றாயிருந்தது என்பதாகச் சர்க்கார் கோர்ட்டில் சமாதானம் சொல்லிற்று.

விடுதலைக்குச் சில நாள் பொறுத்து, கமிட்டியில் இருந்த கோத்ரா சட்டசபை அங்கத்தினர் ராவுல்ஜி என்பவர் ஒரு பேட்டியில் பேசினார். அவர்கள் குற்றம் செய்தார்களோ இல்லையோ தமக்குத் தெரியாது என்றார். அவர்கள் பிராமணர்கள் என்றும், பிராமணர்களுக்கு நல்ல சம்ஸ்காரம் உண்டு என்றும் சொன்னார்.

தோழர்களே, இந்த இரண்டு வாக்கியங்களையும் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். கோர்ட்டு விசாரித்து, ஹைக்கோர்ட்டு உறுதி செய்த குற்றம் நடந்ததா இல்லையா என்பது கமிட்டி அங்கத்தினருக்குத் தெரியாதாம். ஆனால் கைதி எந்த வயிற்றில் பிறந்தான் என்பதிலிருந்து அவன் சுபாவம் மாத்திரம் தெரியுமாம். சாட்சி சொன்னது தெரியாது. ஜாதி சொன்னது தெரியும். இந்தப் பேச்சு கமிட்டியின் எழுத்துக் குறிப்பில் ஏறியது என்று நாம் சொல்லவில்லை. காரணமே எழுதாமல் முடிவு சொல்ல இடம் கொடுத்தால், எழுதக் கூசுகிற காரணத்தை வைத்துக்கொண்டே ஒருவன் ஓட்டுப் போடலாம் என்பதைத்தான் சொல்லுகின்றோம்.

2024 ஜனவரி 8ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்த விடுதலையை ரத்து செய்தது. அந்த மாதமே 11 பேரும் திரும்பச் சிறைக்குப் போனார்கள். ஆனால் ரத்துக்கு முக்கிய காரணம் என்ன? விசாரணை மகாராஷ்டிராவில் நடந்தபடியால் முடிவு செய்யும் அதிகாரம் அந்தச் சர்க்காருக்கே உண்டு, குஜராத்துக்கு இல்லை என்பதும், உண்மையை மறைத்து முந்திய உத்தரவு ஒன்று வாங்கப்பட்டது என்பதும்தான். சம்ஸ்காரத்தைக் கொண்டு மனிதனை எடைபோடலாமா என்கின்ற கேள்வி தீர்ப்புக்கு அஸ்திவாரமாக வரவில்லை. ஆகவே அந்தக் கேள்வியை நாம்தான் கேட்கவேண்டியிருக்கின்றது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ஒரு ஜாதியில் பிறந்தவன் பிறப்பினாலேயே நல்லவன் என்றால், மற்றொரு ஜாதியில் பிறந்தவன் பிறப்பினாலேயே கெட்டவன் என்பது தானே வந்துவிடும். வெள்ளைக்கார சர்க்கார் 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டு, கூட்டம் கூட்டமாக ஜனங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதிவைத்தது. 1911 முதல் அது நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, கள்ளர் முதலிய பல வகுப்பாரை வாட்டிற்று. சென்னையில் 1947லும், தேசம் முழுவதிலும் 1952லும் அது ஒழிந்தது. ஆனால் சட்டம் ஒழிந்தும் அதன் புத்தி சிறைச்சாலைகளின் விதிப் புத்தகங்களில் ஒளிந்துகொண்டிருந்தது. 2024 அக்டோபர் 3ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பில் அவை வெளிச்சத்துக்கு வந்தன. சமையலுக்கு உயர்ந்த ஜாதிக் கைதி, கக்கூசு கழுவத் தாழ்ந்த ஜாதிக் கைதி என்றும், இன்னின்ன கூட்டத்தார் வழக்கமாய்க் குற்றம் செய்கிறவர்கள் என்றும் பல மாகாணங்களின் விதிகள் சொல்லிக்கொண்டிருந்தன. அவை செல்லாது என்றும், சிறை ரிஜிஸ்தரில் ஜாதிக் கலமே இருக்கக்கூடாது என்றும் கோர்ட்டு உத்தரவிட்டது. சுதந்திரம் வந்து 77 வருஷம் ஆன பிறகு!

"வழக்கமாய்க் குற்றம் செய்கிறவன்" என்று புத்தகத்தில் பெயர் விழுந்தவனுக்கு லீவு கிடைப்பதும், முன்கூட்டி விடுதலை கிடைப்பதும் கஷ்டம். அந்தப் பெயர் பிறப்பினால் விழுந்ததென்றால், அவன் சிறையில் எவ்வளவு ஒழுங்காய் நடந்து என்ன பிரயோஜனம்? ஒருவனுக்குப் பிறப்பே நன்னடத்தைச் சர்டிபிகேட். மற்றொருவனுக்குப் பிறப்பே இரண்டாவது தண்டனை. மனுதர்மத்தில் இல்லாதது இதில் என்ன இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

நிற்க. பிறப்பைத் தள்ளிவிட்டு வேறு எதைக்கொண்டு எடைபோடுவது என்று கேட்கலாம். மேல்நாட்டில் இதற்குப் பல வழிகளைச் செய்து பார்த்திருக்கின்றார்கள். அவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல் பரிசீலித்தே பார்ப்போம்.

முதல் வழி, சிறையிலேயே மார்க்குப் போடுவது. 1840ல் நார்போக் தீவுச் சிறைக்கு அதிகாரியாய்ப் போன மெக்கோனக்கி என்பவர், வேலைக்கும் நடத்தைக்கும் மார்க்குக் கொடுத்து, அதைச் சேர்த்தவன் விடுதலையை நெருங்கலாம் என்று ஏற்பாடு செய்தார். கைதியின் கையிலேயே அவன் சாவியில் ஒரு பாகத்தைக் கொடுத்த இந்த யோசனை நல்ல யோசனைதான். அதைப் பின்பற்றி அமெரிக்காவில் 1876ல் எல்மைரா என்ற இடத்தில் பிராக்வே என்பவர் ஒரு சீர்திருத்தச் சிறையை நடத்தினார். உலகம் முழுவதும் அதைப் புகழ்ந்தது. 1893-94ல் விசாரித்தபோது, அங்கே கைதிகள் கொடூரமாய் அடிக்கப்பட்டது வெளிவந்தது. மார்க்குப் போடுகிற கையே சவுக்கையும் பிடித்திருந்தால் அந்த மார்க்குக்கு என்ன மதிப்பு? நல்ல நடத்தை என்பது திருந்தியதைக் காட்டுகிறதா, பயந்ததைக் காட்டுகிறதா என்பதை யார் சொல்வது?

இரண்டாவது வழி, கணக்கு. 1928ல் சிக்காகோவைச் சேர்ந்த பர்ஜஸ் என்கின்ற சமூக சாஸ்திரி, இல்லினாய்ஸ் மாகாணத்தில் பரோலில் விடப்பட்ட 3000 பேரின் காகிதங்களை எடுத்து, 21 அம்சங்களை வைத்துக் கணக்குப் போட்டார். அதிகமான அம்சங்கள் சாதகமாய் இருந்தவர்களில் நிபந்தனையை மீறியவர்கள் 100க்கு 2 பேர் கூட இல்லை. மிகக் குறைவாய் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மீறினார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லும் ஆரூடத்தை விட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த 21 அம்சங்களில் ஒன்று என்ன தெரியுமா? கைதியின் தகப்பன் எந்த நாட்டுக்காரன் என்பது! வாசல் வழியாக விரட்டிய பிறப்பு ஜன்னல் வழியாகக் கணக்குப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. மேலும் 100 பேரில் 76 பேர் தவறுவார்கள் என்று கணக்குச் சொல்லும். எதிரே நிற்கும் இந்த ஒருவன் அந்த 76ல் ஒருவனா, மீதி 24ல் ஒருவனா என்று அது சொல்லாது. தலையெழுத்தைப் பிரம்மா எழுதினாலும் தப்பு, எண் எழுதினாலும் தப்புத்தான். எண்ணை விசாரணைக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாமே ஒழிய, விசாரணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக்கூடாது.

மூன்றாவது வழி, மனதைப் பரீட்சை செய்வது. கலிபோர்னியாவில் கைதியைப் போர்டின் முன் உட்காரவைத்து, அந்தக் குற்றத்தை நீ ஏன் செய்தாய், உன்னிடத்தில் இருந்த எந்தக் குணம் அதைச் செய்யச் செய்தது, இப்போது அதை உணர்ந்திருக்கின்றாயா என்று கேட்கின்றார்கள். 2008 ஆகஸ்டு 21ந் தேதி அந்த மாகாணத்தின் உயர்ந்த கோர்ட்டு ஒரே நாளில் இரண்டு தீர்ப்புக் கொடுத்தது. ஒன்றில், 20 வருஷத்துக்கு மேல் சிறையிலிருந்து முற்றும் மாறிவிட்ட ஒரு பெண்ணை, பழைய குற்றம் கொடியது என்ற ஒரே காரணத்துக்காக இன்னும் அடைத்து வைக்க முடியாது, இன்று அவரால் ஆபத்து உண்டா என்பதே கேள்வி என்று சொல்லி விடுதலையை நிலைநிறுத்திற்று. மற்றொன்றில், கைதிக்குத் தன் குற்றத்தைப் பற்றிய உணர்வு போதாது என்ற காரணத்தைக் கொண்டு விடுதலை மறுத்ததை ஏற்றுக்கொண்டது.

முதல் தீர்ப்பு அறிவுக்குப் பொருத்தமானது. நடந்துபோனதை யாராலும் மாற்ற முடியாது. அதையே காரணமாய்ச் சொன்னால் எந்தக் கைதிக்கும் எந்தக் காலத்திலும் விடுதலை இல்லை. ஆனால் இரண்டாவதில் சொல்லப்பட்ட உணர்வு என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? இது பாதிரியிடம் பாவமன்னிப்புக் கேட்பதையும், புரோகிதனிடம் பிராயச்சித்தம் செய்வதையும் போன்றதாகவே இருக்கின்றது. சாமர்த்தியமாய் அழத் தெரிந்தவன் தேறுவான். வாய் இல்லாதவன் தவறுவான். குற்றமே செய்யாமல் உள்ளே வந்தவன் கதி எல்லாவற்றிலும் மோசம். செய்யவில்லை என்று உண்மையைச் சொன்னால் உணர்வில்லாதவன் என்று அடைபட்டுக் கிடக்கவேண்டும். செய்தேன் என்று பொய் சொன்னால் திருந்தியவன் என்று வெளியே வரலாம். பொய்க்குப் பரிசும், உண்மைக்குத் தண்டனையும் கொடுக்கிற பரீட்சை என்ன பரீட்சை?

இன்னொரு சங்கதி. இஸ்ரேல் தேசத்தில் பரோல் ஜட்ஜுகளின் ஆயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகளை ஆராய்ந்து 2011ல் ஒரு கட்டுரை வந்தது. அமர்வின் தொடக்கத்தில் 100க்கு 65 பேர் வரை சாதகமான உத்தரவு பெற்றார்கள் என்றும், நேரம் போகப்போக அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய், சாப்பிட்டு வந்தபின் மறுபடி ஏறிற்று என்றும் அதில் கண்டது. ஜட்ஜுக்குப் பசித்தால் கைதிக்குச் சிறை என்று உலகம் முழுவதும் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் அதே வருஷத்தில் வேறு சிலர், வக்கீல் இல்லாத கைதிகள் அமர்வின் கடைசியில்தான் அழைக்கப்பட்டார்கள் என்றும், ஆகவே காரணம் பசிதான் என்று சொல்லிவிட முடியாது என்றும் காட்டினார்கள். நமக்குப் பிடித்த கதை என்பதற்காக ஒரு கதையை நாம் நம்பக்கூடாது. ஆனால் மறுப்பிலிருந்து கிடைக்கும் பாடம் கதையை விடப் பெரியது. வக்கீல் வைக்க வசதியில்லாதவன் கடைசியில் நின்றான். கடைசியில் நின்றவன் வெறுங்கையோடு போனான்.

நம் பக்கத்துச் சங்கதியையும் விட்டுவிடக் கூடாது. தலைவர்களின் பிறந்த நாளில் கைதிகளை விடுவிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்து வருகின்றது. 2008 செப்டம்பர் 15ந் தேதி அண்ணா நூற்றாண்டு விழாவுக்காக, 7 வருஷம் முடித்த ஆயுள் கைதிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விடப்பட்டார்கள். 2018ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காக, 10 வருஷம் முடித்தவர்களைப் பற்றி உத்தரவு போடப்பட்டது. அத்தனை குடும்பங்களில் விளக்கு எரிந்ததில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் ஒரு மனிதன் விடுதலைக்குத் தகுந்தவன் என்றால், விழாத் தேதி வரும்வரை அவன் ஏன் உள்ளே கிடக்கவேண்டும்? தகாதவன் என்றால் விழா வந்ததும் எப்படித் தகுந்தவனாகி விடுகின்றான்? பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்ப்பது மூடநம்பிக்கை என்று சொல்லுகிற நாம், விடுதலைக்கு மட்டும் நல்ல நாள் பார்ப்பது நியாயமாகுமா? அது உரிமையாய்க் கிடைக்கவேண்டியதை ராஜாவின் பிறந்த நாள் தானமாக மாற்றுவதேயாகும்.

சரி, என்ன செய்யவேண்டும்?

முதலாவது, காரணம் எழுதவேண்டும். இங்கிலாந்தில் 2018 வரையில் பரோல் போர்டின் காரணத்தை வெளியிடுவதை விதியே தடுத்திருந்தது. அவ்வருஷம் பல பெண்களைக் கெடுத்த ஒரு டாக்சிக்காரனை விடும்படி செய்த முடிவை, கெடுக்கப்பட்ட பெண்களே கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்ய வைத்தார்கள். அந்த ரகசிய விதியும் கூடவே செத்தது. போர்டின் தலைவர் ராஜிநாமாச் செய்தார். இன்று கேட்கிறவர்களுக்குக் காரணச் சுருக்கம் கொடுக்கின்றார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இரண்டாவது, கைதியைக் கேட்கவேண்டும். அவனைப்பற்றி எழுதிய காகிதத்தை அவனுக்குக் காட்டவேண்டும். நியாயத்துக்குத் தேவையானபோது கைதியை நேரில் கேட்டே தீரவேண்டும் என்று இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட்டு 2013ல் சொல்லியிருக்கின்றது. இங்கேயும் விசாரித்த ஜட்ஜின் அபிப்பிராயம் காரணத்தோடு இருக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022ல் சொல்லியிருக்கின்றது.

மூன்றாவது, கெடுதியடைந்தவர்களின் குரலுக்கு இடம் வேண்டும். பில்கிஸ் பானுவுக்கு விடுதலைச் செய்தியே முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. பழிவாங்க அல்ல, அவர்கள் பயமில்லாமல் வாழ வழி உண்டா என்று பார்ப்பதற்காகவே கேட்கவேண்டும்.

நான்காவது, காலம் வந்ததும் மனுப் போடாதவனுடைய விஷயத்தையும் சர்க்காரே எடுத்துப் பார்க்கவேண்டும். விடுதலைக் கொள்கை உள்ள சர்க்கார்கள் இப்படிச் செய்தே தீரவேண்டும் என்று 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கின்றது. எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக் கைதிக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. உத்தரவு காகிதத்தோடு நிற்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஐந்தாவது, ஜாதியையும் மதத்தையும் சொல்லும் எந்த எழுத்தும் கமிட்டியின் மேஜைக்கு வரக்கூடாது. விடுவிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் மறுபடி குற்றம் செய்தார்கள், எத்தனை பேர் செய்யவில்லை என்ற கணக்கை வருஷந்தோறும் வெளியிடவேண்டும். அப்போதுதான் கமிட்டியின் எடை சரியா தப்பா என்று அதற்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

கடைசியாக நம் ஜனங்களுக்கு ஒரு வார்த்தை. கமிட்டியைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. விடுதலையாகி வருகிறவனுக்கு ஊரில் வேலை கொடுப்பாரும், வீடு கொடுப்பாரும் இல்லையென்றால், அவன் மறுபடி தவறுவான் என்று சொன்ன கணக்கை நாமே உண்மையாக்கினவர்கள் ஆவோம். உங்கள் ஊருக்கு அப்படி ஒருவன் வந்தால், அவன் எந்த ஜாதி என்று கேட்காதீர்கள். என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். உங்கள் சட்டசபை அங்கத்தினர் ஓட்டுக் கேட்டு வந்தால், சிறைக் கமிட்டியில் உட்காரும்போது எதைப் பார்த்து ஓட்டுப் போடுவீர் என்று அவரைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்கு அந்த நாற்காலியில் உட்காரும் யோக்கியதை இல்லை.